வருணம், சாதி, இனம்

உயர்தர வகுப்பு உயிரியல் நூலில் உயிர்களைப் பாகுபடுத்தும் அட்டவணையொன்று உண்டு. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என அது மேலிருந்து கீழாக இறங்கும். மிகப் பெரிய கூட்டத்திலே தொடங்கி, தம்முட் கூடி இனம்பெருக்கும் மிகச் சிறிய கூட்டத்தில் முடியும் ஏணி அது. இவ்வேணியின் படிகளுள் மூன்றின் பெயர்களை நம் மாணவன் உயிரியல் ஆசிரியரிடமிருந்து முதன்முதலாகக் கேட்பதில்லை. வருணம், சாதி, இனம் என்பன அவன் பள்ளிக்கூடத்தின் படியேறுமுன்பே காதில் விழுந்தவை. கலியாணப் பேச்சிலும் கோயில் வீதியிலும் தேர்தல் மேடையிலும் அவற்றை அவன் கேட்டிருக்கிறான். வகுப்பறையில் மீண்டும் சந்திக்கும்போது அவை விஞ்ஞானத்தின் உடையணிந்து நிற்கின்றன.

மனிதனுடைய சாதி ஹோமோ, இனம் சேப்பியன்சு என்று விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெறுகிறவனின் பிறப்புச் சான்றிதழிலே, தந்தையின் இனம் என்ற கூட்டில் வேறொரு விடை எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் சரியான விடைகளாகவே கொள்ளப்படுகின்றன. ஒரே சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருளைத் தருவது மொழியின் இயல்பு, அதிலே தவறில்லை. ஆயின் ஓரிடத்தில் அச்சொல்லுக்குரிய அதிகாரம், ஓசையில்லாமல் மற்றோரிடத்துக்குக் கைமாறிவிடுகின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. தமிழ் கற்பிப்பவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சொற்கள் எங்கு சென்று என்ன செய்கின்றன என்று பார்ப்பது தமிழ் கற்பிப்பவனின் வேலையே.

முதலிற் கலைச்சொல் ஆக்கியோருக்கு நியாயம் வழங்கவேண்டும். சுயமொழியில் விஞ்ஞானம் கற்பிக்கப்படலாயிற்று. ஆங்கில நூல்களில் வழங்கிய இலத்தீன் சொற்களுக்குத் தமிழ் தேவைப்பட்டது. ஜீனஸ் என்பதற்குச் சாதியென்றும், ஸ்பீஷீஸ் என்பதற்கு இனமென்றும் நம் நாட்டிலே வழக்கு நிலைபெற்றது. இதனைச் சாதிமான்களின் சூழ்ச்சி என்று கூறுவது சரித்திர அறிவின்மையாகும். 'ஜாதி' என்னும் வடசொல் பிறத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. இலத்தீன் ஜீனஸும் அதே பழைய வேரின் கிளையே. நியாய சாத்திரத்தில் ஜாதி என்பது பல பொருள்களுக்குப் பொதுவான தன்மை. பசுக்கள் பலவற்றிலும் உள்ள பசுத்தன்மை போல்வது. நம் கிராமத்து வழக்கிலும் சாதிமல்லிகை உண்டு; நல்ல சாதி நாய் உண்டு; மனிசசாதி என்ற சொல்லும் உண்டு. ஆகவே சொற்பொருத்தம் குறைவில்லாதது. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. மல்லிகையின் சாதியையும் நாயின் சாதியையும் பேசுகிற அதே நாவு, அதே மூச்சில், அயலவனின் சாதியையும் பேசுகிறது. மூன்றும் ஒரேவகை உண்மைகள் என்ற நம்பிக்கையை எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை, சொல்லே கற்பித்துவிடுகிறது. 'காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதையே காட்டும். விலங்கு, பயிர், மனிதர் ஆகிய யாவற்றின் வழிமரபையும் குறிக்க வழங்கிய 'காஸ்ட்டா' என்ற போர்த்துக்கேயச் சொல்லே, நம் சமுதாயத்தைக் கண்ட ஐரோப்பியர் வாயில் அந்த வடிவம் பெற்றது.

நம் பழைய நூலொன்றிலும் இக்கலப்பு உண்டு. தொல்காப்பியத்து மரபியல், புல்லும் மரமும் ஓரறிவின என்று தொடங்கி, மக்கள் ஆறறிவுடையார் என்பதுவரை உயிர்களைப் புலன்வழியே வகுக்கின்றது. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்ற பாகுபாடும் அங்கேதான் வருகிறது. அதன்படி நம் பனை புல்லாகும். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களுள் வைப்பதை நோக்கும்போது, கண்ணாற் கண்டதைக் கொண்டு வகுத்த அந்த அறிவை மதிக்காதிருக்க முடியாது. ஆயின் அதே இயலிலேயே அந்தணர், அரசர், வைசியர், வேளாளர் என்போருக்குரியவை இவையிவை என்ற சூத்திரங்களும் நிற்கின்றன. அவை பிற்சேர்க்கை என்று கருதும் அறிஞர் உளர். பிற்சேர்க்கையாயினும், சேர்த்தவர் அவற்றைப் புல்லையும் மரத்தையும் பற்றிப் பேசும் இயலிலே சேர்த்தார் என்பது மனங்கொளத்தக்கது. பனையின் வயிரத்தை வெட்டிப் பார்த்து அறியலாம். ஒருவன் கையில் நூல் இருக்கவேண்டுமா, ஏர் இருக்கவேண்டுமா என்பதை எதை வெட்டிப் பார்த்து அறிவது?

இனி, உயிரியலில் இனம் என்பது எத்தகைய சொல் என்று பார்ப்போம். சுவீடன் நாட்டு லின்னேயசு 1735ஆம் ஆண்டில் இயற்கைப் பொருள்களின் பாகுபாட்டு நூலை வெளியிட்டபோது, இனங்கள் படைப்பின்போதே வரையறுக்கப்பட்டவை என்றும், அவற்றைக் கண்டு பெயரிடுவதே தம் பணி என்றும் கருதினார். டார்வினின் 1859ஆம் ஆண்டு நூல் அந்த நிலையை உடைத்தது. ஒரு வகை சிறிது சிறிதாக மாறி வேறோர் இனமாகின்றதெனில், எந்த இடத்தில் கோடு கிழிப்பது? வகைக்கும் இனத்துக்கும் இடையே இயற்கை வேலி எதனையும் போடவில்லை என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. 1942இல் ஏர்ண்சுட் மாயர் தந்த வரைவிலக்கணமே நம் பாடநூல்களிற் பெரும்பாலும் காணப்படுவது: தம்முட் கூடி வளமான சந்ததியைத் தருவனவும், பிற கூட்டங்களோடு அவ்வாறு கூடாதனவுமான உயிர்க் கூட்டமே இனம். குதிரையும் கழுதையும் கூடிப் பிறக்கும் கோவேறு கழுதை பொதுவாக மலடாய்ப் போவதால் அவை இரண்டு இனங்கள்.

இந்த வரைவிலக்கணமும் எல்லா இடத்திலும் செல்லாது. பாலின்றிப் பிளந்து பெருகும் பற்றீரியாவுக்கு இது பொருந்தாது. கல்லாய்ப் போன எலும்புகளிடம் யாரோடு கூடினீர் என்று வினவ முடியாது. ஆயினும் ஒன்றைக் கூறலாம். உயிரியலாளன் இனம் என்று சொல்லும்போது ஒரு சோதனையையும் உடன் சொல்கிறான். சோதனை பொய்த்தால் தன் பாகுபாட்டை மாற்றிக்கொள்ளவும் தயாராகவிருக்கிறான். ஆசிய யானையும் ஆபிரிக்க யானையும் நம் பேச்சில் ஒரே யானை. விலங்கியலாளருக்கு அவை இரண்டு வெவ்வேறு சாதிகள். தெருநாயும் மடியிலே தூங்கும் சீமைக் குட்டிநாயும் நமக்குத் தூரத்துச் சொந்தமாகக்கூடத் தோன்றா. விலங்கியலாளருக்கோ அவை ஒரே இனம். கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை பெரிதாயிருப்பதால் மட்டும் இனம் வேறாகிவிடாது. இச்செய்தியைத் தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்தோர் செவிமடுக்கவில்லை.

லின்னேயசின் நூலிலேயே அந்த வரலாறு தொடங்குகிறது. முதற் பதிப்பில், பிற விலங்குகளுக்கு உடல் அடையாளங்களைக் கூறிய அவர், மனிதனுக்கு எதிரே தன்னைத் தானே அறிந்துகொள்ளும்படி மட்டும் எழுதிவைத்தார். 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலோ கண்டங்களின்படி வகுத்த நான்கு மனித வகைகளுள் ஒவ்வொன்றுக்கும் நிறத்தோடு குணத்தையும் சேர்த்தார். ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுபவன். ஆசியன் அபிப்பிராயத்தால் ஆளப்படுபவன். ஆபிரிக்கன் மனம்போன போக்கில் நடப்பவன். தாவரங்களின் மகரந்தத் தாள்களை எண்ணிப் பிரித்த கூரிய கண்ணுக்கு இக்குணங்கள் எங்கே தென்பட்டன? அவை இயற்கையிலிருந்து வரவில்லை. அடிமை வியாபாரம் நடந்துகொண்டிருந்த ஐரோப்பாவின் பொதுப்பேச்சிலிருந்து வந்தன. யேர்மனியின் புளூமன்பாக்கு 1795இல் மனிதரை ஐந்தாக வகுத்தபோது, ஜோர்ஜியா நாட்டிலிருந்து தமக்குக் கிடைத்த மண்டையோடொன்றின் அழகில் மயங்கி, வெள்ளையருக்குக் காக்கேசியர் என்ற பெயரைச் சூட்டினார். அழகுணர்ச்சியிலிருந்து பிறந்த பெயர் பின்னர் அரசாங்கப் பதிவேடுகளில் விஞ்ஞானமாக அமர்ந்தது. அவரே, மனிதர் யாவரும் ஒரே இனம் என்றும் வகைகள் ஒன்றினுள் ஒன்று கரைகின்றன என்றும் கூறியவர். அதனை மறந்தோர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

மனித வகைகள் எத்தனை? 1871ஆம் ஆண்டு நூலில் டார்வின் இவ்வினாவுக்கு அக்காலத்து அறிஞர் கூறிய விடைகளை வரிசைப்படுத்தினார். ஒருவர் 2 என்றார். மற்றவர்கள் 4 என்றும் 5 என்றும் 11 என்றும் 22 என்றும் கூறினர். இறுதியில் நிற்பவர் 63 என்றார். யானை எத்தனை இனம் என்பதில் அறிஞர் மாறுபட்டால் மாறுபாடு ஒன்றிரண்டாகவிருக்கும். இரண்டுக்கும் அறுபத்துமூன்றுக்கும் இடையே ஊசலாடும் எண், எண்ணப்படும் பொருளைப் பற்றியன்றி எண்ணுகின்றவர்களைப் பற்றியே நமக்கு அறிவிக்கின்றது. நூறு ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்க மரபியலாளர் லுவொன்ரின் மனித மரபு வேறுபாட்டைக் கணக்கிட்டார். அதில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கட்கூட்டத்தின் உள்ளேயே இருக்கின்றது. பெரிய 'நிறவினங்களுக்கு' இடையிலுள்ளது 6 வீதமளவே. பல மரபணுக்களை ஒருங்கே நோக்கினால் ஒருவரின் மூதாதையர் எக்கண்டத்தவர் என ஊகிக்கலாம் என்று பின்வந்தோர் எடுத்துக்காட்டியது உண்மையே. மூதாதையரின் ஊரை அறிவது ஒன்று. மனிதர் தனித்தனிப் பெட்டிகளில் அடைபட்டவர் என்பது வேறொன்று. 2010ஆம் ஆண்டில் நியண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகை ஆராயப்பட்டபோது, ஆபிரிக்காவுக்கு வெளியேயுள்ள மக்களின் உடலில் அவர்களின் மரபும் சிறுபங்கு உண்டு என்பது வெளிப்பட்டது. தூய இரத்தம் பேசுவோர், தம் இரத்தத்தில் அழிந்துபோன வேறொரு மனிதக் கூட்டத்துக்கும் பங்குண்டு என்பதை அறிவார்களாக.

தமிழில் இச்சொல் எப்போதும் பிறப்பைக் குறித்ததா? அன்று. இலக்கணத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்பன ஒலியின் வகை. பாவுக்கு இனம் தாழிசை முதலாயின. குறளிலே சிற்றினம் சேராமை என ஓரதிகாரம் உண்டு. அங்கு இனம் என்பது ஒருவன் சேர்ந்து பழகும் கூட்டம். நிலத்தின் இயல்பால் நீர் மாறுவதுபோலச் சேர்ந்த கூட்டத்தின் இயல்பால் மனிதனின் அறிவு மாறும் என்பது அதன் கருத்து. பிறக்கும்போதே பெற்றுக்கொண்டு இறக்கும்வரை கழற்ற முடியாத ஒன்றை வள்ளுவர் இனம் என்று கூறியிருந்தால், சேராதே என்ற அறிவுரைக்கே இடமில்லை. சேர்வதும் விலகுவதும் மனிதன் கையில் இருந்த சொல் எவ்வாறு மனிதன் கையிலில்லாத சொல்லாயிற்று?

அதற்கு விடை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அது மொழிக்குடும்பத்தைப் பற்றிய நூல். ஆரியம் என்பதும் மொழியாராய்ச்சியில் எழுந்த பெயரே. மொழிப்பெயரை இரத்தப்பெயராக்குவது பெருங்குழப்பம் என்று மாக்சு முல்லரே 1888இல் கண்டித்தார். கண்டனம் நூலகத்திலே தங்கிவிட்டது. குழப்பம் இத்தீவின் வீதிக்கு வந்தது. இரண்டு மொழிகளைப் பேசுவோர் இரண்டு குருதியினர் எனத் தம்மை நம்பத் தொடங்கினர்.

குடிமதிப்பும் அதற்குத் துணை செய்தது. 1871ஆம் ஆண்டின் குடிமதிப்பில் இனம் என்ற தலைப்பில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பத்தாண்டு கழித்து அவை ஏழாகச் சுருங்கின. இப்பத்தாண்டில் மக்களின் உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மாறியது எண்ணுவோரின் தாள். கண்டிச் சிங்களவரும் கரைநாட்டுச் சிங்களவரும் பல தசாப்தங்கள் தனித்தனியே எண்ணப்பட்டுப் பின்னர் ஒன்றாயினர். 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டு கூடுகள் வந்தன. ஒரே மொழி பேசி, ஒரே தெய்வங்களை வணங்குவோரைப் பிரித்த கோடு உயிரியற் கோடு அன்று. தோட்டத்திலே உழைக்க வந்தவர் யார் என்ற கோடு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டது 2003ஆம் ஆண்டிலே. அன்று நாடற்றவராக்கப்பட்டோருக்காக யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி முழுமனத்தோடு குரல்கொடுத்ததா என்பதை நாம் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். இனம் ஒன்றென்று மேடையில் முழங்கியவர்களிலும் பலருக்கு அந்த ஒருமை மலையேறிச் செல்லவில்லை.

சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் வகுப்பவனின் நலன் உள்ளே நிற்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் வேறானவர் என்று கட்டுரை எழுதினார். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதனை மறுத்து நூல் வெளியிட்டார். இருவரும் பரம்பரை, மொழி, உடை, வழக்கம் என்று சான்றுகளை அடுக்கினர். சட்டநிரூபண சபையிலே சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்பதே அந்த ஆராய்ச்சியின் அடியில் ஓடிய நீர். தம்மை யாரென்று கூறும் உரிமை சோனகருக்கே உரியது என்ற எளிய நியாயத்தை உணர எலும்பையோ மரபணுவையோ ஆராயவேண்டியதில்லை.

இவ்விடத்தில் முற்போக்காளர் சிலரின் அவசரத்தைப் பற்றிக் கூறுதல் அவசியம். மனித இனம் ஒன்றே. சாதிக்கும் இனத்துக்கும் உயிரியலில் ஆதாரமில்லை. ஆகவே சாதிப் பிரச்சினை, இனப் பிரச்சினை என்பன வெறும் மாயை. வர்க்கம் ஒன்றே உண்மை என்று அவர்கள் வாதிக்கின்றனர். கேட்பதற்கு நன்றாகவிருக்கின்றது. ஆயிரம் ரூபாய்த் தாளை இரசாயனக் கூடத்தில் எவ்வளவு ஆராய்ந்தாலும் அதனுள் ஆயிரம் ரூபாயைக் காணமுடியாது. ஆயினும் அத்தாள் இல்லாதவன் வீட்டில் அன்று உலை ஏறாது. இயற்கையில் இல்லாதது சமுதாயத்தில் மிக வன்மையாக இருக்க முடியும். தேநீர்க் கடையில் சிலருக்கு மட்டும் வேறு குவளை வைத்தபோது, கடைக்காரன் எந்த மரபணுவையும் சோதிக்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், மாவிட்டபுரம் கோயில் வாயிலில் 1968ஆம் ஆண்டில் மக்கள் போராடவேண்டியிருந்தது. அன்று பூட்டிய கதவு மெய்யான மரத்தாலானது. சாதிக்கு உயிரியல் இல்லை என்று அக்கதவின் முன் நின்றவனுக்குச் சொற்பொழிவாற்றியிருந்தால், அதனைத் திறந்துவிட்டுச் சொல் என்றுதான் அவன் மறுமொழி கூறியிருப்பான்.

இனப் பிரச்சினையிலும் அவ்வாறே. ஒரு மக்கட் கூட்டம் தன் மொழியில் கல்வியும் நீதியும் கேட்பதற்கும், தான் வாழும் நிலத்தில் அச்சமின்றி வாழ்வதற்கும் தனிக் குருதி தேவையில்லை. குருதியை ஆதாரமாகக் காட்டும் உரிமைக்குரல், தன்னை ஒடுக்குவோனின் தத்துவத்தையே கடன் வாங்குகிறது. அக்கடனை அது தன்னுள்ளே இருக்கும் சிறியோரிடமிருந்து வசூலிக்கவும் தயங்காது. தூய்மை பேசத் தொடங்கினால் தூய்மையற்றோர் பட்டியலும் வேண்டியதாகிவிடும். 'கலப்புத் திருமணம்' என்ற நம் சொல்லைப் பாருங்கள். இருவேறு சாதியினரோ மொழியினரோ மணந்தால் அதற்குக் கலப்பு என்று பெயர். உயிரியலிலோ அவ்விருவரும் ஒரே இனத்தவரே.

அவ்வாறாயின் சொற்களை மாற்றிவிடலாமா? 1950இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையில், நிறவினத்தைக் குறிக்கும் 'ரேஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு, பண்பாட்டால் ஒன்றான கூட்டம் எனப் பொருள்படும் வேறொரு சொல்லை வழங்குவது நன்று என்று அறிஞர்கள் கூறினர். அப்புதிய சொல் தமிழுக்கு வந்தபோது இனக்குழு, இனத்துவம் ஆயிற்று. விரட்டப்பட்ட இனம் பின்கதவால் வீட்டினுள் வந்தமர்ந்தது. தமிழ்நாட்டார் உயிரியலிற் சாதி என்ற சொல்லை வழங்குவதில்லை. அவர்கள் பேரினம், சிற்றினம் என்பர். நல்ல சொற்களே, ஆயின் பேரினம் என்று கரும்பலகையில் எழுதியவுடன் இலங்கை மாணவன் மனத்தில் எழுவது பூனைக் குடும்பமன்று, பேரினவாதம். சிற்றினமோ வள்ளுவர் சேராதே என்ற தீய கூட்டம். அதனை மனிதகுலம் முழுவதற்கும் வைப்பது சிரிப்புக்கிடமானது. சாதியைப் பாடநூலிலிருந்து நீக்குமாறு கோருவோரின் உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆயினும் என் கருத்து அதற்கு மாறானது. ஊரிலே சாதி இருக்கும்வரை பாடநூலில் மட்டும் அச்சொல் இல்லாதிருப்பது, அழுக்கை அகற்றாமல் கண்ணாடியைத் துணியால் மூடுவது போன்றது.

பாகுபாட்டியல் பாடம் தொடங்கும் நாளில், உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் அமரலாம். கரும்பலகையின் இடப்பக்கத்தில் பாடநூலின் வருணம், சாதி, இனம். வலப்பக்கத்தில் ஊரின் வருணம், சாதி, இனம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவரே எழுதட்டும்: இதனை வகுத்தவர் யார், எப்போது வகுத்தார், எந்தச் சோதனையால் அறிவது, சோதனை பொய்த்தால் யார் மாற்றுவார், மாற்றினால் யாருக்கு நட்டம். இடப்பக்கத்தின் கடைசிக் கேள்விக்கு விடை எழுத அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. வலப்பக்கத்துக்கு ஒரு பாடவேளை போதாது. பலகையை அழிக்காமல் மறுநாளும் தொடரவேண்டியிருக்கும்.